பத்தலன்னு யாரும் சொல்லிடக் கூடாது

ஃபுட் செக்யூரிட்டி (சாப்பாடு தட்டுப்பாடு இல்லாம கிடைக்கறது), ஃபுட் சேஃப்டி (அது நோய் வராம சுத்தமா இருக்கறது), ஃபுட் வேஸ்ட்னு மூணையும் ஒரே தலைப்புல சேர்த்துப் போட்டு வர்ற ஆராய்ச்சிக் கட்டுரைங்கள நான் நிறைய படிக்கிறேன், கொஞ்சம் வேலைக்காக, மீதி சும்மா ஆர்வத்துல. தலைப்புல மூணும் ஒண்ணா நிக்கும், உள்ள போனா ஒருத்தர் பொருளாதாரம், ஒருத்தர் மைக்ரோபயாலஜி, இன்னொருத்தர் குப்பை மேலாண்மை, அவங்கவங்க பாட்டுக்கு அவங்கவங்க பகுதிய எழுதிட்டுப் போயிருப்பாங்க. நான் இருக்கறது சிங்கப்பூர்ல ஒரு இந்தியன் கேட்டரிங் கிச்சன்ல, குவாலிட்டி பாக்கற வேலை, தெர்மாமீட்டரும் கிளிப்போர்டுமா சுத்திட்டே இருப்பேன். அங்க இந்த மூணும் தனித்தனியா வர்றதே கிடையாது. ஒரே சட்டி பிரியாணிய சுத்தி நின்னு மூணும் சண்டை போடும். அந்தச் சண்டையில கடைசியா ஜெயிக்கறது இந்த மூணுமே இல்ல, நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல செக்யூரிட்டி. சிங்கப்பூர்ல இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான், நம்ம சாப்பாட்டுல 90 சதவீதத்துக்கும் மேல வெளியிலேருந்து வருது, 180க்கும் அதிகமான நாடுங்க, வட்டாரங்கள்லேருந்து. இங்க விவசாயத்துக்கு இருக்கற நிலம் மொத்தத்துல ஒரு சதவீதம் கூட கிடையாது. 2019ல ஒரு இலக்கு வச்சாங்க, 2030க்குள்ள நம்ம ஊட்டச்சத்துத் தேவையில 30 சதவீதத்த இங்கயே விளைவிக்கணும்னு. 2025 நவம்பர்ல அத எடுத்துட்டு 2035க்குப் புதுசா வேற வச்சிருக்காங்க, காய்கறி, முளைப்பயிறு, காளான் வகையில நாம சாப்பிடறதுல 20 சதவீதம், முட்டை மீன் மாதிரி புரத வகையில 30 சதவீதம். இலக்க மாத்திட்டாங்கன்னு கிண்டல் பண்ணவங்க உண்டு, எனக்கு அதுல பெருசா வருத்தம் இல்ல. முட்டை ஒண்ணுதான் இங்க மூணுல ஒரு பங்கு கிட்ட வருது, காய்கறி 3 சதவீதத்துலயே நிக்குது, கரண்டு பில்லு கட்டி லைட்டு போட்டு அடுக்கடுக்கா வளக்கற கீரை, பக்கத்துல மலேசியா ஜொகூர்லேருந்து விடியக்காலம் லாரியில வர்ற கீரையோட விலையில எப்படிப் போட்டி போடும்? அதுவும் அந்த அடுக்குல வளர்றது பெரும்பாலும் சாலட் இலைங்க. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் எந்த டவர்லயும் காய்க்கப் போறதில்ல, நம்ம வீட்டு சாம்பாருக்கு எப்பவும் கப்பலும் பிளேனும்தான்.

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதிய நிறுத்தினப்போ நான் இந்த வேலையிலதான் இருந்தேன். அதுக்கு முந்தின வருஷம் நம்ம கோழியில கிட்டத்தட்ட 34 சதவீதம் அங்கேருந்துதான், பெரும்பாலும் உயிரோட வந்து இங்க அறுத்தது, அதாவது ஃப்ரெஷ் கோழின்னு நாம சொல்றது. பிரேசில்லேருந்து ஃப்ரோசன் அதவிட அதிகமா, 48 சதவீதம், எப்பவும் போல வந்துட்டே இருந்தது. கணக்குப்படி பாத்தா கோழிக்குப் பஞ்சமே இல்ல. ஆனா அந்த வாரம் ஆஃபீஸ் ஃபோன் ஓயல, கல்யாணம், காதணி விழா, அறுபதாம் கல்யாணம்னு ஆர்டர் குடுத்தவங்க எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, "ஃப்ரோசன் போட்டுடுவீங்களா?" ஒருத்தர் வெளிப்படையாவே சொன்னாரு, "தங்கச்சி, ருசி எப்படி வேணா இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டுல ஃப்ரோசன் கோழி போட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது." மசாலாவுல ஊறி தம்முல வெந்த பிறகு எந்த நாட்டுக் கோழின்னு கண்டுபிடிக்கற நாக்கு எத்தன பேருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது, அத அவருகிட்ட சொல்லவா முடியும். ஜூன் கடைசியில இந்தோனேசியாவுலேருந்தும் கோழி கொண்டு வர அனுமதி குடுத்தாங்க, அக்டோபர்ல மலேசியாவும் தடைய எடுத்துச்சு, அவ்வளவுதான் அந்தக் கதை.

அரிசிக் கதை இன்னும் கொஞ்சம் சுவாரசியம். 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி இல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டுது. 2022ல சிங்கப்பூர் இறக்குமதி பண்ண அரிசியில இந்தியா பங்கு கிட்டத்தட்ட 40 சதவீதம், ஆனா அதுல பாஸ்மதி இருக்கு, புழுங்கல் இருக்கு, ரெண்டுமே அந்தத் தடையில கிடையாது. புழுங்கலுக்கு ஆகஸ்ட் கடைசியில 20 சதவீத வரி போட்டாங்க, அவ்வளவுதான். ஆனா லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் கடைங்கள்ல முதல்ல காலியானது எதுன்னு நினைக்கறீங்க, புழுங்கல் பொன்னிதான். எங்க மாமியார் பக்கத்து வீட்டு ஆன்ட்டியையும் கூட்டிட்டுப் போய் டிராலி நிறைய மூட்டைய ஏத்திட்டு வந்தாங்க. "தடை இதுக்கு இல்ல அத்தை"ன்னேன். "இன்னிக்கு இதுக்கு இல்ல, நாளைக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்விதான், உலகம் முழுக்க அரசாங்கங்களும் அதே கேள்விய கேட்டுத்தான் தடை மேல தடை போடுது.

மூணு நாலு மாசம் கழிச்சு ஸ்டோர் ரூம்லேருந்து வண்டு ஊர்ந்து வர ஆரம்பிச்சுது. அரிசி வண்டு வெளியிலேருந்து வந்து ஏறறது மட்டும் இல்ல, தாய் வண்டு மணிய துளைச்சு உள்ள முட்டை வச்சு வாய மூடிடும், புழு உள்ளயே தின்னு வளர்ந்து வண்டா மாறித்தான் வெளிய வரும், அதனால மூட்டைய வாங்கும்போது கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பிடிச்ச சூடு 28, 30 டிகிரி, கூட ஈரப்பதம், அதாவது நம்ம எச்டிபி, அரசாங்க அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூம். காஞ்ச மிளகாய், வேப்பிலை, வசம்பு எல்லாம் போட்டாச்சு, வெயில்ல காயவைக்க காரிடார்ல பாயும் விரிச்சாச்சு, கடைசியில பாதி மூட்டை குப்பைக்குத்தான் போச்சு.

இதே வேலைய நாடும் செய்யுது, ஆனா வேற மாதிரி. அரிசி இறக்குமதி பண்றவங்க மாசம் எவ்வளவு கொண்டு வர்றாங்களோ அதுல ரெண்டு மடங்கு எப்பவும் கிடங்குல வச்சிருக்கணும்னு இங்க சட்டம், ஆனா அது பூட்டி வைக்கற அரிசி இல்ல, பழசு வித்துட்டே இருக்கும் புதுசு வந்துட்டே இருக்கும், சரக்கு சுழன்டுட்டே இருக்கற வரைக்கும் வண்டுக்கு நேரமே கிடைக்காது. ஆகஸ்ட் கடைசியில இந்தியா சிங்கப்பூருக்குன்னு தனியா 50,000 டன்னுக்கு விலக்கும் குடுத்துது. எங்க வீட்டு மூட்டை எல்லாம் கணக்குல வராத தனி ஸ்டாக். ஃபுட் செக்யூரிட்டி பத்தின அறிக்கைங்கள்ல நாட்டுக் கிடங்கு பத்தி பக்கம் பக்கமா இருக்கும், மாமியாருங்களோட ஸ்டோர் ரூம் பத்தி ஒரு வரி இருக்காது. அங்கதான் செக்யூரிட்டி வேஸ்ட்டா மாறுது.

இப்ப என் வேலைக்கு வர்றேன், சேஃப்டி. இங்க லைசென்ஸ் இருக்கற கேட்டரர் அனுப்பற சாப்பாட்டுல ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், பாத்திருப்பீங்க, எப்ப சமைச்சு முடிஞ்சுது, எத்தன மணிக்குள்ள சாப்பிடணும். சாதாரண சூட்டுல வெளிய இருக்கற சாப்பாட்டுக்கு 4 மணி நேரம்னு பொதுவான கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிங்களுக்குக் கொண்டாட்டம், அதுக்கு மேல சூடா வை, இல்ல கீழ குளிரா வை, நடுவுல வைக்காத, எங்க தொழில்ல முதல் நாள் சொல்லித்தர்றது இதுதான்.

கல்யாண மண்டபத்துல மதியம் ரெண்டு மணிக்கு என்ன நடக்கும்னு சொல்றேன். ஐநூறு பேருக்கு ஆர்டர், வந்தது நானூறு கூட இல்ல. வெஜ் பிரியாணி ஒரு பெரிய சட்டி, கை வைக்காம அப்படியே இருக்கு, மூடி மேல லேபிள், சமைச்சது 10.30, சாப்பிட வேண்டியது 2.30க்குள்ள. பொண்ணோட பெரியம்மா பையில காலி ஐஸ்கிரீம் டப்பா அடுக்கிட்டு வந்திருக்காங்க, முன்கூட்டியே யோசிச்சு வீட்டுலேருந்தே.

"கொஞ்சம் அள்ளிப் போடும்மா, பசங்க நைட்டு சாப்பிடும்."

"ஆன்ட்டி, ரெண்டரைக்குள்ள சாப்பிட்டுடணும்."

"ஈசூன் போய்ச் சேரவே மூணாயிடும், நீ வேற. நாங்கல்லாம் பழைய சோறு சாப்பிட்டு வளந்தவங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

இந்தப் பழைய சோறு வாதத்த நான் எத்தன மண்டபத்துல கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல, அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன். சோத்துல வர்ற ஆளு பேரு பேசிலஸ் சீரியஸ். மண்ணுல இருக்கறது, நெல்லோடயே வருது, அரிசிய வேக வைக்கும்போது கிருமி சாகும், ஆனா அது ஸ்போரா, அதாவது ஓடு கட்டிட்டு விதை மாதிரி தூங்கிட்டு இருந்தா கொதிக்கற தண்ணி அத ஒண்ணும் பண்ணாது. சோறு மெதுவா ஆறும்போது எழுந்து பெருகும். அதுல சில வகை செரியுலைடுன்னு ஒரு நச்ச விடும், வாந்தி வர வைக்கறது அதுதான். அந்த நச்சு 121 டிகிரியில ஒண்ணரை மணி நேரம் வச்சாலும் அழியாதுன்னு லேப்ல பாத்திருக்காங்க, அதனால நைட்டு நல்லா சூடு பண்ணிட்டேன் மைக்ரோவேவ்ல ஆவி பறக்க எடுத்தேன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, கிருமி செத்துப் போகும், அது ஏற்கனவே விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கும். 1970கள்ல பிரிட்டன்ல சைனீஸ் ரெஸ்டாரன்ட் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவங்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்து தேடிப் பாத்தப்போதான் இது வெளிச்சத்துக்கு வந்துது, முந்தின நாளே வேக வச்சு வெளியில வச்ச சோறு.

பழைய சோறு வேற விஷயம். அதுல தண்ணி ஊத்தறோம், லாக்டிக் ஆசிட் பாக்டீரியா பெருகி புளிக்க வைக்குது, புளிப்பு ஏற ஏற பல கெட்ட கிருமிங்களுக்கு அங்க இடம் இல்லாம போகுது. சென்னையில ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பழைய சோத்த குடல் நோய்க்குக் குடுத்துப் பாக்கற ஆராய்ச்சியே நடந்திருக்கு. ஆனா பிரியாணிக்கு யாரும் தண்ணி ஊத்தறதில்ல. அது எண்ணெய்யும் காயும் கறியுமா கெட்டியா மூடி வச்ச பெரிய சட்டி, ஓரம் ஆறிடும், நடுவுல சாயந்திரம் வரைக்கும் வெதுவெதுன்னே இருக்கும். ஒரு தடவை மிச்சமான சட்டியில நடுவுல தெர்மாமீட்டர் குத்தி வச்சுப் பாத்தேன், மேல தொட்டா சில்லுன்னு இருக்கு, உள்ள 40 டிகிரிக்கு மேல காட்டுது, அதாவது கிருமிக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி. அதே சோத்த அகலமான டிரேயில ரெண்டு விரக்கடை உயரத்துக்குப் பரப்பினா சட்டுன்னு ஆறி ஃப்ரிட்ஜுக்குப் போகத் தயாராயிடும். பெரியம்மாவுக்கு நான் குடுத்திருக்க வேண்டியது பயம் காட்டற லேபிள் இல்ல, அந்த டிரே. ஆனா மண்டபத்துல டிரே பரப்பி ஆற வைக்க இடம் ஏது, சில்லர் ஏது, அஞ்சு மணிக்கு அடுத்த பார்ட்டி ரிசப்ஷனுக்கு வந்து நிக்கறாங்க.

ரூல் ரொம்ப ஓவர்னு சொல்றவங்களுக்கு 2009 ஏப்ரல் ஞாபகம் இருக்கும். கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில இந்தியன் ரோஜாக் சாப்பிட்ட 154 பேருக்கு உடம்புக்கு முடியாம போய் ரெண்டு பேர் இறந்துட்டாங்க. விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ், கடல் உணவுல வர்ற கிருமி, பச்சைக் கடல் பொருள்லேருந்து தயாரான சாப்பாட்டுக்குத் தாவியிருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. 2015ல பச்சை ஆத்து மீன் சாப்பிட்டவங்களுக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து, அது மீன் வழியா மனுஷனுக்கு வருதுன்னு இங்க உள்ள டாக்டர்களும் ஆராய்ச்சியாளர்களும் கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு சாப்பாட்டு வழியா பெருசா பரவும்னு யாரும் நினைக்கல, அந்த வருஷக் கடைசியில பச்சை ஆத்து மீன சமைக்காம அப்படியே சாப்பிடக் குடுத்து விக்கறதுக்கே தடை வந்துது. அதனால சேஃப்டி ஆராய்ச்சிக்கு நான் எப்பவும் மரியாதை குடுப்பேன். 2021ல என்டியு பல்கலைக்கழகம், ஏ ஸ்டார்ங்கற அரசு ஆராய்ச்சி அமைப்பு, எஸ்எஃப்ஏங்கற அரசு உணவு அமைப்பு மூணும் சேர்ந்து ஃப்ரெஷ்னு ஒரு உணவுப் பாதுகாப்பு மையம் ஆரம்பிச்சாங்க, ஆய்வகத்துல வளத்த கறி மாதிரி புது உணவுங்க பாதுகாப்பானதான்னு பாக்கறதெல்லாம் அங்க வேலை. உலகத்துலயே முதல் தடவையா அந்தக் கறிய விக்க அனுமதி குடுத்த நாடு நாமதான், 2020 டிசம்பர்ல. நாளைக்கு வரப்போற கறிக்கு மையமே இருக்கு, இன்னிக்கு மண்டபத்துல மிச்சமாகற சட்டிய என்ன பண்றதுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. கொஞ்சம் கோபமாத்தான் சொல்றேன்.

அந்தச் சட்டி 2.30க்கு என்ன ஆச்சுன்னா, கொட்டினோம். பெரியம்மா முகத்த நான் பாக்கல, வேலை இருக்கற மாதிரி திரும்பிட்டேன்.

இப்ப மூணாவது, வேஸ்ட். சிங்கப்பூர்ல 2022ல 813,000 டன், 2023ல 755,000 டன், அதுல மறுசுழற்சிக்குப் போனது 18 சதவீதம் அளவுக்குத்தான், மீதி எரிஞ்சு சாம்பலா செமக்காவுக்குப் போகுது, அந்தக் குப்பைத் தீவும் 2035 வாக்குல நிரம்பிடும்னு சொல்லியாச்சு. இந்த டன் கணக்க எடுக்கற வேலை எப்படின்னு எனக்குத் தெரியும், ஏன்னா ஒரு மாணவர் குழு ஆய்வுக்காக எங்க மிச்சத்த எடை போட வந்தாங்க, கிளவுஸ் மாஸ்க் எல்லாம் போட்டு, நல்ல பிள்ளைங்க. அவங்க ஃபார்ம்ல ரெண்டு கட்டம், சாப்பிடக் கூடியது, சாப்பிட முடியாதது. எச்சில் இலைய மடிச்சுக் கொட்டின தொட்டிய கவுத்ததுமே பிரச்சனை ஆரம்பம். சாம்பார் முருங்கைக்காய் எந்தக் கட்டம்? மென்னு துப்பின சக்கை சாப்பிட முடியாதது, மெல்லாமயே விட்டது? கறிவேப்பிலை சாப்பிடக் கூடியதுதான், ஆனா நம்மள்ல பாதி பேர் அத ஓரமாத்தான் ஒதுக்குவோம். மீன் தலை? வேற ஊர்ல அது குப்பை, இங்க அதுதான் மெனுவுல விலை ஜாஸ்தியான ஐட்டம். ஒரு பையன் வாழையிலைய தூக்கிக் காட்டி "அக்கா, இதையும் வெயிட் போடவா?"ன்னு கேட்டான். ஈரமான இலை, அந்தத் தொட்டியோட எடையில கணிசமான பங்கு அதுதான். இது அந்தப் பிள்ளைங்க குறை இல்ல, எது சாப்பாடு எது சாப்பாடு இல்லங்கறது ஊருக்கு ஊர் மாறும்னு உலக அளவுல அளவுகோல் எழுதினவங்களே ஒத்துக்கறாங்க. ஐநாவோட சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட கணக்குல 2022ல மட்டும் உலகத்துல 1.05 பில்லியன் டன் வீணாச்சுன்னு வருது, கடை, உணவகம், வீடு இந்த மூணுலயும் சேர்த்து, மக்களுக்குக் கிடைக்கற சாப்பாட்டுல 19 சதவீதம், அதுல தோலும் எலும்பும் அடங்கும். அந்த எண்ண எடுத்து "இத்தன கோடி பேருக்குச் சாப்பாடு போடலாம்"னு ஃபார்வர்டு பண்றவங்க வாழைப்பழத் தோலையும் சேர்த்துத்தான் பரிமாறறாங்க.

ஆனா ஒரு விஷயம் அந்தக் கணக்குல தெளிவா இருக்கு, 60 சதவீதம் வீடுகள்லேருந்து. குப்பைய கவனிக்கற அரசு அமைப்பு என்இஏ, இங்க வீட்டுக் குப்பைய பிரிச்சுப் பாத்த ஆய்வுலயும் குப்பையில பாதிக்குப் பாதி சாப்பாடு, அதுல பாதிக்கு மேல தவிர்த்திருக்கக் கூடியது, அதிகமா போனது சோறு, நூடுல்ஸ், ரொட்டி. காரணம்னு கேட்டா ஜாஸ்தி சமைச்சுட்டோம், ஜாஸ்தி வாங்கிட்டோம், கெட்டுப் போச்சு, இப்படித்தான் பதில் வரும். ஏன் ஜாஸ்தி சமைச்சீங்கன்னு அடுத்த கேள்விய யாரும் கேக்கறதில்ல. கேட்டா வர்ற பதில் எனக்குத் தெரியும், தினம் ஆர்டர் ஃபோன்ல அதத்தான் கேக்கறேன். "பத்தலன்னு யாரும் சொல்லிடக் கூடாது." முன்னூறு பேர் வருவாங்கன்னா நானூறு சொல்வாங்க, அத நம்பி சமைக்கற எங்க மாஸ்டர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் ஏத்துவாரு, ஏன்னா பத்தலன்னா அவர் பேரும் சேர்ந்து போகும், பரிமாற வர்ற பசங்க கேக்காமயே ரெண்டாவது கரண்டி வைப்பாங்க, ஏன்னா கஞ்சம்னு பேர் வந்துடும். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒருத்தர் தன் மானத்துக்கு ஒரு பிடி கூடப் போடறாரு, எல்லாம் கூடித்தான் அந்தக் கை வைக்காத சட்டி. நான் சொன்ன நாலாவது ஆளு இந்த மானம்தான்.

இந்த மானம் இன்னொரு பக்கமும் வேலை செய்யுது, அதுதான் எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்தறது. எஸ்எம்யு பல்கலைக்கழகத்துல லியன் மையம் 2019ல நடத்தின ஆய்வு, ஹங்கர் ரிப்போர்ட்னு வந்துது, சிங்கப்பூர்க் குடும்பங்கள்ல 10.4 சதவீதம் முந்தின ஒரு வருஷத்துல ஒரு தடவையாவது சாப்பாட்டுக்கு நிச்சயம் இல்லாத நிலையில இருந்திருக்காங்க. பத்துல ஒரு வீடு, இங்க, ஒவ்வொரு புளோக்குக்கும் கீழ காப்பிக்கடை இருக்கற ஊர்ல. அந்த வீடுகள்ல உதவி கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். ஏன் கேக்கலன்னு பாத்தா, வெட்கம், எங்க கேக்கறதுன்னு தெரியல, நம்மளவிடக் கஷ்டப்படறவங்க இருக்காங்களேன்னு விட்டுட்டது. ஆர்டர் குடுக்கறவரும் சரி, பசியோட இருக்கறவரும் சரி, ரெண்டு பேரும் பயப்படறது ஒண்ணுக்குத்தான், பத்தலங்கற சொல் வெளிய வந்துடக் கூடாது. ஒருத்தர் அதுக்காக நூறு பேர் சாப்பாட்ட கூட சமைக்கறாரு, இன்னொருத்தர் அதுக்காக ராத்திரி வெறும் பிஸ்கட்டோட படுக்கறாரு. இந்த ரெண்டு பேரும் ஒரே ஆராய்ச்சிக் கட்டுரையில வந்து நான் பாத்ததில்ல.

நடுவுல ஒரு பாலம் போடப் பாத்தாங்க, 2024 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல உணவு நன்கொடைக்குன்னு ஒரு சட்டம், நல்ல எண்ணத்தோட சாப்பாடு குடுக்கறவங்க மேல வழக்கு வராம பாதுகாப்பு. அப்ப நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த லூயிஸ் இங் தனி உறுப்பினர் மசோதாவா கொண்டு வந்தது. நிபந்தனை உண்டு, குடுக்கும்போது சாப்பாடு கெடாம இருக்கணும், எப்படி வைக்கணும் எத்தன நேரத்துக்குள்ள சாப்பிடணும்னு வாங்கறவங்ககிட்ட சொல்லணும், கையாண்ட விதம் சுத்தமா இருக்கணும். நல்ல சட்டம், நான் எதிர்பாத்துட்டு இருந்த சட்டம். ஆனா சட்டம் கேஸ் வராமத்தான் தடுக்கும், கடிகாரத்த நிறுத்தாது. 10.30க்கு முடிஞ்ச பிரியாணி 2.10க்கு மிச்சம்னு தெரியுது, இருபது நிமிஷத்துல எந்த வேன் வந்து எந்தப் புளோக்குக்குக் கொண்டு போய் யாரு சாப்பிடறது? அதனால நன்கொடைக்குப் போறது டின், பாக்கெட், ரொட்டி, பழம், கெடாத சாமான். சமைச்ச சாப்பாடு தப்பிச்சுப் போறது சிரமம்தான்.

இதுல கோயில் அன்னதானம்தான் எனக்கு எப்பவும் ஆச்சரியம். பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லாம அங்க சமைக்கறவங்க பாதி பந்தி போன பிறகு கூட்டத்த எட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்த அரிசிய உலையில போடுவாங்க, பத்தலன்னா கடைசி பந்திக்கு ரசமும் மோரும் முன்னாடி வந்துடும், யாரும் கோயில கஞ்சம்னு சொல்றதில்ல, கிடைச்சது பிரசாதம். வாங்கறவங்களுக்கும் அங்க வெட்கம் இல்ல, ஏன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவரு வங்கியில மேனேஜரா இருப்பாரு, யாரு பசிக்கு வந்தாங்க யாரு வேண்டுதலுக்கு வந்தாங்கன்னு இலையப் பாத்து சொல்ல முடியாது. குருத்வாராவுலயும் அப்படித்தான். ஏழைக்குன்னு பேர் போட்டுக் குடுக்கற பொட்டலத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த யாராவது உக்காந்து அளந்தா நல்லா இருக்கும்.

என் முதலாளிகிட்ட ரொம்ப நாள் சொல்லிச் சொல்லி ஒரு மாத்தம் கொண்டு வந்திருக்கோம், ஆர்டர்ல கடைசி ஒரு பங்க மட்டும் சமைக்காம, ஊறின அரிசியும் தாளிச்ச மசாலாவும் தனித்தனியா குளிர்ல வச்சுக்கறோம், கூட்டம் வந்தா பக்கத்து கிச்சன்லேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சூடா வரும், வரலன்னா அது சாப்பாடாவே ஆகல, அதுக்குக் கடிகாரமும் ஓடல. 2013ல நார்வேக்காரங்க ஹோட்டல்ல பஃபே தட்டோட அளவ மட்டும் சின்னதாக்கினதுல வீணாகறது கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுதுன்னு ஒரு ஆய்வு இருக்கு, அத வச்சு தட்டையும் மாத்திப் பாத்தோம், நம்ம ஆளுங்க சின்னத் தட்ட பாத்ததும் அடுக்கிக் கட்டிட்டாங்க, அது எடுபடல. கடைசி பங்கு ஐடியா ஓரளவு எடுபடுது, ஆனா கொட்டேஷன்ல அத எப்படி எழுதறதுங்கறதுல இன்னும் இழுபறி. "மிச்சப்படுத்த"ன்னு எழுதினா யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க, "கடைசி விருந்தாளிக்கும் சுடச்சுட"ன்னு எழுதினா உடனே சரிங்கறாங்க. அப்படியே எழுதிக்கறோம், பில்லும் குறையறதில்ல, ஐநூறு பேருக்கு ஆர்டர் குடுத்தோம்னு அவங்களும் சொல்லிக்கலாம்.

அடுத்த மாசம் இன்னொரு மாணவர் குழு வர்றாங்களாம், எடை மெஷினோட. வந்தா மிச்சத்த எடை போடறதுக்கு முன்னாடி ஆர்டர் குடுத்தவருக்கு ஒரு ஃபோன் போட்டு, எத்தன பேர் வருவாங்கன்னு நிஜமா நினைச்சீங்க, எத்தன பேருக்குச் சொன்னீங்கன்னு ரெண்டு எண்ணையும் தனித்தனியா வாங்கிக்கச் சொல்லப் போறேன். ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லன்னா ஓரத்துல பேனாவால எழுதிக்கட்டும்.